அண்ணாச்சியின் பேச்சும் என் ஏழு நோட்டுகளும்: என்ன செய்ய?

கொக்கிரகுளத்தான் எழுதியது:

வணக்கம். கேள்வி கடைசியில்தான் வரும். அதற்கு முன்னால் கொஞ்சம் கதை சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1996-லிருந்து 2004 வரை ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் என்றால் எனக்கு ஒரே இடம்தான். திருநெல்வேலியில் ஆற்றுப் பாலத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடி. நாலு பாய், ஒரு மண்பானைத் தண்ணீர், பன்னிரண்டு பதினாலு பேர். கல்லூரி ஆசிரியர்கள் இரண்டு பேர், ஒரு வக்கீல் குமாஸ்தா, அச்சுக்கோப்பவர் ஒருவர், படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த பையன்கள், தபால் பிரிக்கிற வேலையில் இருந்த நான். நடுவில் அண்ணாச்சி. அவர் பெயரை எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். எங்கள் ஊரில் அண்ணாச்சி என்று எத்தனையோ பேரைக் கூப்பிடுவோம். எங்கள் மாடியில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஆள்தான்.

சித்திரை வெயிலிலும் குரங்குக் குல்லா போட்டிருப்பார். காலில் செருப்பு கிடையாது. ஜோல்னாப் பையில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வைத்திருக்கிற சிலேட்டு ஒன்று இருக்கும். அன்றைக்குப் பேச வேண்டிய சொல்லை அதில் எழுதிக் காட்டுவார். எல்லோரும் பார்த்ததும் உள்ளங்கையால் அழித்துவிடுவார். விளக்குப் போடவிட மாட்டார். “வெளக்குப் போட்டா பூச்சி வரும். பூச்சி வந்தா உங்க கண்ணு அங்க போயிரும்” என்பார். எழுதவும் கூடாது. “எழுதாதீங்கடே, கேளுங்க. எழுதுத கைக்குக் காது கிடையாது.”

பேச்சு எங்கே தொடங்கும் என்று சொல்ல முடியாது. ஏதோ ஒரு வாக்கியத்தின் பாதியில் தொடங்கும். அவர் வழியிலேயே முதல் பாதியைத் தனக்குள் பேசிக்கொண்டு வந்திருப்பார் போலிருக்கும். நம்மாழ்வாரில் தொடங்கி ஐன்ஸ்டைனுக்குப் போய், அங்கிருந்து ஆற்றங்கரை மருதமரத்துக்கு வந்து நிற்பார். அந்தக் கடைசி நிறுத்தத்தில் முதலில் சொன்னதும் நடுவில் சொன்னதும் ஒன்றோடொன்று பொருந்திக்கொள்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்வார். உடம்பு சிலிர்க்கும். மிகைப்படுத்தவில்லை, முழங்கை மயிர் எழுந்து நிற்பதை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

அவர் பேசும்போது நான் புத்திசாலியாக இருந்தேன். இதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. வாரம் ஆறு நாள் பின்கோடு பார்த்து உறைகளைப் பெட்டியில் போடுகிறவனுக்கு ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் தலைக்குள் குதிரை ஓடியது. முடிந்ததும் நாங்கள் நாலு பேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாலத்தின் மேல் நடப்போம். பாலம் முடிந்த பிறகும் பேச்சு முடியாது. திரும்பி ஒருமுறை நடப்போம்.

வீட்டுக்கு வந்ததும் நான் எழுதினேன். அவருக்குத் தெரியாமல், ராத்திரி பதினொரு மணிக்கு, நினைவில் இருந்ததையெல்லாம். எட்டு வருஷத்தில் ஏழு நோட்டு.

பரணில் கிடந்த அந்த நோட்டுகளைப் போன மாசம் வெள்ளையடிக்கும்போது இறக்கினேன். இரண்டு ராத்திரி உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். இப்போது சொல்ல வருவது எனக்கு வலிக்கிறது. ஒன்றும் இல்லை. “சொல் என்பது தாகம். அர்த்தம் தண்ணீர் அல்ல, கிணறு.” இப்படிப் பக்கம் பக்கமாக. 1999-ல் இதைக் கேட்டு நான் தூங்காமல் கிடந்திருக்கிறேன், பக்கத்திலேயே அப்படி எழுதியும் வைத்திருக்கிறேன். இன்றைக்கு அதைத் திருப்பிப் போட்டாலும் அதே எடைதான் இருக்கிறது. “அர்த்தம் என்பது தாகம். சொல் தண்ணீர் அல்ல, கிணறு.” என்ன வித்தியாசம்?

தவறுகளும் இருக்கின்றன. எஸ்கிமோக்களுக்குப் பனிக்கு இருநூறு சொல் என்று ஒரு மாலை முழுக்கப் பேசினார். என் மகள் மொழியியல் படிக்கிறாள். நோட்டைப் பார்த்துவிட்டு, “அப்பா, இது ஊதிப் பெருத்த கதை” என்றாள். 1911-ல் ஃபிரான்ஸ் போவாஸ் என்ற மானிடவியலாளர் உதாரணத்துக்கு நாலு வேர்ச்சொல் சொன்னாராம். 1940-ல் வோர்ஃப் என்ற மொழியியலாளர் அதைக் கொஞ்சம் கூட்டினார். பிறகு பத்திரிகைக்காரர்கள் ஆளுக்கு ஒரு எண் போட்டார்கள். லாரா மார்ட்டின் என்ற மானிடவியலாளர் 1986-ல் இதைத் தடம்பிடித்து எழுதியிருக்கிறார். அந்த மொழிகளில் ஒரு வேரோடு ஒட்டுகளைச் சேர்த்துச் சேர்த்துச் சொல்லை நீட்டலாம் என்பதால், எத்தனை சொல் என்று எண்ணுவதற்கே பொருள் இல்லையாம்.

ஆனால் அதே மாலைதான் எனக்கு வாழ்க்கையில் ஒரு வேலை கொடுத்தது. “அவனுக்குப் பனி. நமக்கு என்னடே?” என்று கேட்டுவிட்டு சிலேட்டில் ‘வாழை’ என்று எழுதி அழித்தார். மறுநாள் காலையில் நான் நயினார்குளம் மார்க்கெட்டுக்குப் போய் இலைக்கட்டுக்காரர்களிடம் கேட்க ஆரம்பித்தேன். குருத்து, சுருள், நுனி இலை, ஏடு, சருகு, மட்டை, நார், மடல், சீப்பு, தார், ஈட்டிக் கன்று, நீர்க்கன்று. இருபத்தைந்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தார் என்று நாம் சொல்வதை நாகர்கோவில் பக்கம் குலை என்பார்கள். இலை அறுக்கிறவர் ஒரு சொல் சொன்னால், கட்டுப் போடுகிறவர் வேறு சொல் சொல்வார். அந்தச் சொற்களை எழுதிவைத்த அட்டைகள் தனியாக ஒரு தகரப் பெட்டி நிறைய இருக்கின்றன. பொய்யான கதையிலிருந்து முளைத்த மெய்யான வேலை அது.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. எங்களோடு பாலத்தில் நடந்த நாலு பேரில் ஒருவன் எம்.ஃபில். முடிக்கிற தறுவாயில் இருந்தான். ஒரு ஞாயிறு அண்ணாச்சி அவனைப் பார்த்துச் சொன்னார்: “பட்டம் வாங்கினவன் பறக்கான்னு நெனச்சுக்கிடுவான். நூலு அடுத்தவன் கையிலல்லா இருக்கு.” மாடியே கைதட்டியது. நானும் தட்டினேன். அடுத்த வாரத்திலிருந்து அவன் கல்லூரிக்குப் போகவில்லை. இன்றைக்கு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். நல்லபடியாகத்தான் இருக்கிறான். ஆனால் அந்த ஞாயிறுகளைப் பற்றி என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

அண்ணாச்சி 2011-ல் போய்விட்டார். இப்போது கேள்வி. படித்தவர்கள், யோசிக்கிறவர்கள் கூடுகிற இடத்தில் இப்படி ஒருவர் எப்படி நடு இடத்தைப் பிடிக்கிறார்? நாங்கள் ஏமாந்தோமா? இந்த ஏழு நோட்டையும் நான் என்ன செய்ய?

---

நேர்பேச்சு எழுதியது:

ஏமாந்தீர்கள் என்றுதான் சொல்வேன், ஆனால் வெட்கப்பட வேண்டாம். நான் மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுக்கிறவள். எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சோதனை உண்டு. 1970-ல் அமெரிக்காவில் மைக்கேல் ஃபாக்ஸ் என்ற நடிகரைக் கூட்டிவந்து, ‘டாக்டர் மைரன் ஃபாக்ஸ்’ என்று பெயர் வைத்து, கணித விளையாட்டுக் கோட்பாட்டை மருத்துவக் கல்விக்குப் பயன்படுத்துவது பற்றி உரையாற்ற வைத்தார்கள். அவருக்கு அந்த விஷயமே தெரியாது. ஒன்றுக்கொன்று முரணான வாக்கியங்கள், இல்லாத சொற்கள், நடுநடுவே நகைச்சுவை என்று பேசப் பழக்கியிருந்தார்கள். கேட்டவர்கள் மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் சமூகப்பணி ஆசிரியர்களும். பெரும்பாலானவர்கள் நல்ல மதிப்பெண் போட்டார்கள். ஒருவர் டாக்டர் ஃபாக்ஸின் கட்டுரைகளைப் படித்திருப்பதாகவே எழுதினார்! 1973-ல் இதை நாஃப்டுலினும் அவர் குழுவினரும் வெளியிட்டார்கள்.

படித்தவர்கள் ஏமாறுவதற்குக் காரணம் படிப்புதான் என்று நினைக்கிறேன். புரியாத இடம் வந்தால் “எனக்குத்தான் எட்டவில்லை, பின்னால் விளங்கும்” என்று காத்திருக்கப் பழகியிருக்கிறோம். படிக்காதவர் பாதியில் எழுந்து போய்விடுவார்.

நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போடுங்கள். வாழை அட்டைகளைப் பத்திரப்படுத்துங்கள்.

---

கரும்பலகை எழுதியது:

டாக்டர் ஃபாக்ஸ் ஒரு மணி நேரம் பேசியவர். எட்டு வருஷம் ஒரு கூட்டத்தைக் கட்டிவைக்க முரண் வாக்கியங்கள் போதாது. அதனால் நேர்பேச்சு அம்மாவோடு முழுக்க ஒத்துப்போக முடியவில்லை. நான் தத்துவம் கற்பித்து ஓய்வு பெற்றவன். எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் தத்துவவாதி விட்கன்ஸ்டைன்.

கேம்பிரிட்ஜில் அவர் இருந்தபோது நடந்ததைப் பாருங்கள். 1929-ல் அவர் திரும்பி வந்ததை பொருளியலாளர் கெய்ன்ஸ் தன் மனைவிக்கு எழுதும்போது, கடவுள் வந்துவிட்டார், 5.15 ரயிலில் சந்தித்தேன் என்று எழுதினார். டிரினிட்டி கல்லூரியில் அவர் அறையில் அலங்காரம் எதுவும் கிடையாது. மாணவர்கள் மடக்கு நாற்காலி போட்டு உட்காருவார்கள். அவர் நடுவில் சாதாரண மர நாற்காலியில். கையில் குறிப்பு இல்லை. சுற்றுலாப் பயணிகள் மாதிரி வந்து போகிறவர்களை அவர் விரும்பியதில்லை. வகுப்பு முடிந்ததும் களைத்துப் போய் மாணவர் ஒருவரை இழுத்துக்கொண்டு சினிமாவுக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவார். மாணவர்கள் அவருடைய கையசைப்பையும் குரலையும் தங்களை அறியாமல் பிடித்துக்கொண்டார்கள். கேம்பிரிட்ஜின் தத்துவக் கழகக் கூட்டங்களில் வேறு தத்துவவாதிகளின் பெயரைச் சொன்னாலே கேலிக் குரல் எழுந்ததாக ஆக்ஸ்ஃபோர்டு தத்துவவாதி கில்பர்ட் ரைல் எழுதியிருக்கிறார். உங்கள் மாடிதான், அண்ணாச்சிதான், ஊர் மட்டும் வேறு.

பட்டத்தை விட்ட உங்கள் நண்பரும் அங்கே உண்டு. ஃபிரான்சிஸ் ஸ்கின்னர், கணிதத்தில் முதல் வகுப்பு மாணவர். படிப்புலகம் வேண்டாம், கையால் வேலை செய் என்று விட்கன்ஸ்டைன் சொல்ல, ஒரு கருவித் தொழிற்சாலையில் பயிற்சியாளாகச் சேர்ந்தார். வீட்டார் மனம் உடைந்துபோனார்கள். 1941-ல் இளம்பிள்ளை வாதம் வந்து, முப்பது வயது நிறைவதற்குள் இறந்தார். டிரூரி என்ற இன்னொரு மாணவரும் அதே அறிவுரையைக் கேட்டுத் தத்துவத்தை விட்டு மருத்துவரானார். அவர் கடைசிவரை நன்றியோடுதான் இருந்தார். ஒரே வாய், ஒரே சொல், இரண்டு வாழ்க்கை. ஆகவே மெய்யான சிந்தனையாளர் என்றால் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சேதம் வராது என்று எண்ணிவிட வேண்டாம்.

அப்புறம் வித்தியாசம் எங்கே? எனக்கு இரண்டு இடத்தில் தெரிகிறது. ஒன்று, மௌனம். விட்கன்ஸ்டைன் வகுப்பில் நீண்ட நேரம் பேச்சே இருக்காது. யோசனை நகராமல் அவர் உட்கார்ந்திருப்பார், தன்னையே முட்டாள் என்று திட்டிக்கொள்வார். மாணவர்கள் முன்னால் அப்போதுதான் யோசித்துக்கொண்டிருந்தார், யோசித்து முடித்ததைக் கொண்டுவந்து கொட்டவில்லை. உங்கள் அண்ணாச்சி எப்போதாவது வழியில் நின்று, “எனக்குத் தெரியலடே” என்று சொல்லியிருக்கிறாரா? இதை நீங்கள்தான் சொல்ல முடியும்.

இரண்டாவது, குறிப்புகள். 1933-34-ல் வகுப்புப் பெரிதானபோது சில மாணவர்களை உட்காரவைத்துத் தானே சொல்லி எழுதவைத்தார். நீலத்தாள் அட்டை போட்டதால் நீல நூல் என்று பெயர் வந்தது. 1939-ல் கணிதத்தின் அடிப்படைகள் பற்றி முப்பத்தொரு வகுப்பு எடுத்தார். கணினியியலுக்கு அடித்தளம் போட்ட கணிதவியலாளர் ஆலன் டியூரிங் அதில் வந்து உட்கார்ந்தார், அவருக்கு அப்போது 26 வயது. கணிதத்தில் முரண்பாடு ஒளிந்திருந்தால்தான் என்ன, அதனால் என்ன கெட்டுவிடும் என்று விட்கன்ஸ்டைன் கேட்கிறார். பயன்படுத்தும்போதுதான் கேடு தெரியும், அந்தக் கணக்கை நம்பிக் கட்டிய பாலம் இடிந்து விழலாம் என்று டியூரிங் விடாமல் மறுக்கிறார். ஒருமுறை டியூரிங் வராதபோது, அன்றைய வகுப்பை அடைப்புக்குறிக்குள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், டியூரிங் ஒத்துக்கொள்ளாத எதையும் அவர் இல்லாதபோது நிலைநாட்டிப் பயனில்லை என்றார் விட்கன்ஸ்டைன். நாலு பேர் எடுத்த குறிப்புகளை ஒப்பிட்டுப்பார்த்து கோரா டயமண்ட் என்ற தத்துவ அறிஞர் 1976-ல் நூலாக்கினார். அதில் டியூரிங்கின் மறுப்புகள் அவர் பெயரோடு இருக்கின்றன. இன்றைக்கு அதைப் படிக்கிறவர்களில் டியூரிங் பக்கம் சேருகிறவர்களும் உண்டு. எனக்கே சில பக்கங்களில் அப்படித்தான் தோன்றும்.

நோட்டைப் போடாதீர்கள். இன்னொரு முறை படியுங்கள். அவர் என்ன சொன்னார் என்று பார்த்துவிட்டீர்கள். வேறு எதையாவது தேடிப் படியுங்கள்.

---

அத்திக்காய் எழுதியது:

நான் பாயில் உட்கார்ந்தவள் இல்லை. மாடிப்படியில் நின்றவள். அங்கிருந்து சொல்கிறேன்.

எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மாடி இருந்தது. வேறு ஊர், வேறு ஆள், ஆனால் அதே விளக்கில்லாத இருட்டு. எனக்குப் பதினொரு வயது. பதினைந்து டம்ளர் சுக்குக் காப்பியைத் தட்டில் வைத்துக்கொண்டு ஏறுவது என் வேலை. கீழே இறங்கினால் அம்மா அடுத்த தவணைக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருப்பாள். உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்கும் அந்தக் குரல் பிடிக்கும். காலி டம்ளர் எடுக்கிற சாக்கில் படியிலேயே நின்று கேட்பேன். அந்தக் குரலில் ஏதோ நமக்கு மட்டும் சொல்கிற மாதிரி ஒரு அந்தரங்கம் இருக்கும்.

ஒருநாள் பூக்காமல் காய்க்கும் மரம் பற்றிப் பேச்சு. அத்தியை எடுத்துக்கொண்டு, வெளியே காட்டாமல் கனிகிறவன்தான் ஞானி, அவனுக்குப் பூ என்ற ஆடம்பரம் தேவையில்லை என்று போய்க்கொண்டிருந்தார். என் அம்மா பள்ளிக்கூடத்தில் தாவரவியல் டீச்சர். தண்ணீர்ச் செம்போடு படியேறி வந்தவள், நின்று, “அத்தி பூக்கும் சார். பூவெல்லாம் அந்தக் காய்க்குள்ளதான் இருக்கு. சின்னதா ஒரு குளவி உள்ள போய்த்தான் மகரந்தம் சேர்க்கும்” என்றாள்.

அவர் அம்மாவைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்து, “வீட்ல நல்லாப் படிச்சவங்க” என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும்தான். பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. உள்ளே பூ இருக்கிறது என்ற சேதி அவருடைய ஞானிக்கு இன்னும் பொருத்தமாக இருந்திருக்குமே என்று இன்று யோசிக்கிறேன். அதை வாங்கிக்கொள்ள அவருக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் அம்மா ஒரு அத்திக்காயைப் பறித்துவந்து அரிவாள்மணையில் இரண்டாக அரிந்து, பூதக்கண்ணாடியைக் கொடுத்து என்னைப் பார்க்கச் சொன்னாள். உள்சுவர் முழுக்க இளஞ்சிவப்பாகப் பூ. நூற்றுக்கணக்கில். அந்த மாடியில் வருஷக்கணக்காகக் கேட்டதில் எனக்கு ஒரு வாக்கியம்கூட நினைவில் இல்லை. அந்தக் காய் இருக்கிறது.

கொக்கிரகுளத்து அண்ணனிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் மாடிக்குக் காப்பி யார் கொண்டுவந்தார்கள்? அவர்கள் பேர் நோட்டில் இருக்கிறதா?

---

பகா எண் எழுதியது:

அத்திக்காய் அக்கா எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை.

விசித்திரமான ஆட்கள் எல்லோரையும் ஒரே தராசில் போட்டுவிடக் கூடாது என்பதற்காக மட்டும் இதை எழுதுகிறேன். நான் திருச்சிப் பக்கம் கணித ஆசிரியன். எங்கள் உலகத்து அண்ணாச்சி, ஹங்கேரிக் கணிதவியலாளர் பால் ஏர்டிஷ். வீடு கிடையாது, நிரந்தர வேலை கிடையாது, பெட்டியோடு நாடு நாடாகப் போவார். குழந்தைகளை ‘எப்சிலான்’ என்றுதான் சொல்வார், கணிதத்தில் மிகச்சிறிய அளவுக்கு வைக்கிற குறி அது. கதவைத் தட்டி, “என் மூளை திறந்திருக்கிறது” என்பார். அவரைப் பற்றிய கதைகளைச் சொல்லியே ஒரு தலைமுறை மாணவர்களைக் கணிதத்துக்கு இழுத்தோம்.

ஆனால் அவர் வந்து உட்கார்ந்ததும் முதலில் கேட்பது, நீ எதைப் போட்டு யோசித்துக்கொண்டிருக்கிறாய் என்பதுதான். 1970-களின் நடுவில் சென்னை விவேகானந்தா கல்லூரியில் இளங்கலை படித்துக்கொண்டிருந்த கிருஷ்ணசுவாமி அல்லாடி, எண் கோட்பாட்டில் தான் செய்ததை அவருக்கு எழுதி அனுப்பினார். ஏர்டிஷ் கல்கத்தாவிலிருந்து ஆஸ்திரேலியா போக வேண்டியவர். வழியை மாற்றிக்கொண்டு சென்னையில் இறங்கி அந்த மாணவரைப் பார்த்தார். 1977-ல் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. இப்படி ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களோடு சேர்ந்து எழுதியிருக்கிறார், மொத்தம் 1500 கட்டுரை அளவுக்கு. பேச்சு முடிந்தபிறகு எதிரில் இருந்தவர் கையில் அவருடைய சொந்தக் கேள்வி ஒரு படி முன்னேறியிருக்கும்.

அவருக்கும் எந்த வீட்டிலோ யாரோ துணி துவைத்துப்போட்டார்கள், விடியற்காலையில் எழுந்து சமைத்தார்கள் என்பதும் உண்மை. அதை மறைக்க விரும்பவில்லை.

---

கொக்கிரகுளத்தான் எழுதியது:

பதில் எழுதியவர்கள் எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்க வேண்டும். சொன்னபடி செய்து பார்க்க நேரம் வேண்டியிருந்தது.

கரும்பலகை சாருக்கு: அண்ணாச்சி “தெரியல” என்று சொன்ன இடத்தை ஏழு நோட்டிலும் தேடினேன். ஒரே ஒரு இடம் இருக்கிறது, 2001 ஐப்பசி. அன்றைக்கு நல்ல மழை. மாடியில் உட்கார முடியாமல் கீழே நடைக்கூடத்தில் இருந்தோம். நண்பரின் தாயார் காலமாகி ஒரு மாசம். “செத்தவங்களப் பத்திப் பேச எனக்கு ஒண்ணும் தெரியலடே” என்றிருக்கிறார். அதற்கடுத்து நான் எழுதியிருப்பது: ‘இன்று அண்ணாச்சி சரியாகப் பேசவில்லை. சீக்கிரம் கலைந்துவிட்டோம்.’ அவர் நின்ற ஒரே இடத்தில் நாங்கள் எழுந்து வந்திருக்கிறோம். அவரை நிற்கவிடாமல் ஓட்டியதில் எங்களுக்கும் பங்கு உண்டு. அவர் ஓடினால்தான் எங்கள் குதிரையும் ஓடும்.

அத்திக்காய் தங்கச்சிக்கு: காப்பி கொண்டுவந்தது நண்பரின் மனைவி. நோட்டில் அவர் பேர் இல்லை. ‘காப்பி வந்தது’ என்றுகூட எழுதவில்லை. போன செவ்வாய்க்கிழமை அவரைப் போய்ப் பார்த்தேன். எழுபது வயது நெருங்குகிறது. “அண்ணாச்சிக்குச் சீனி ஆகாது, அவருக்குத் தனியாக் கருப்பட்டி போட்டுக் குடுப்பேன்” என்றார். வேறொன்றும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வாசலில் நின்று செருப்பை மாட்டும்போது, “பேச்சு நல்லாத்தான் இருக்கும். அடுப்பு சத்தத்துல பாதி கேக்காது” என்றார்.

அங்கிருந்து நேரே ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். நாலாம் நோட்டைக் கையில் வைத்திருந்தேன். அதில்தான் அந்தப் பட்டம் பேச்சு இருக்கிறது. இருபது வருஷத்துக்கும் மேல் பேசாத விஷயத்தை எப்படி எடுப்பது என்று தெரியாமல், அவனிடமே நோட்டை நீட்டினேன். கடையில் ஆள் இல்லாத நேரம். மெஷின் மேலேயே வைத்துப் படித்தான்.

“அவரு சொல்லுததுல பாதி தப்புன்னு எனக்கு அப்பவே தெரியும்லே” என்றான்.

பிறகு ஏன் வந்தாய் என்று கேட்டேன்.

“வேற எங்க போவ? எம்.ஃபில். கைடு ரெண்டு வருசத்துல எங்கிட்ட ரெண்டு வார்த்த பேசல. இவரு என் மூஞ்சியப் பாத்துப் பேசினாரு.” படிப்பை விட்டதற்கு அண்ணாச்சியைக் குறை சொல்ல மாட்டேன் என்றான். விட வேண்டும் என்று அவனுக்கு முன்னாலேயே இருந்ததாம். அதைக் கைதட்டலோடு செய்ய முடிந்ததுதான் அன்றைக்கு நடந்தது என்றான். கைதட்டினவர்களில் நானும் ஒருத்தன் என்று சொன்னேன். “தெரியும்” என்றான்.

பக்கத்தைத் திருப்பி, திரும்பவும் பின்னால் வந்து, விரலை வைத்துத் தேடினான்.

“அன்னைக்கி நானும் பேசினேன். கால் மணி நேரம். அவர மறுத்துப் பேசினேன். இதுல இல்லையே.”

எனக்கு நினைவில்லை. வீட்டுக்கு வந்து ஏழு நோட்டையும் மறுபடி முதலிலிருந்து புரட்டினேன். பதினாலு பேர், எட்டு வருஷம். அண்ணாச்சியைத் தவிர வேறு ஒருவர் சொன்ன ஒரு வரிகூட இல்லை. பாலத்தில் நடந்தபடி நாலு பேரும் பேசிய பேச்சு, நான் உயிராக நினைத்திருந்த பேச்சு, அதிலும் ஒரு வரி இல்லை. நான் கேட்ட கேள்விகளைக்கூட நான் எழுதவில்லை.

வலது பக்கத்தில் மட்டுமே எழுதியிருந்தேன். இடது பக்கமெல்லாம் காலியாகக் கிடக்கிறது. அவன் ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். அந்தக் கால் மணி நேரத்தில் என்ன பேசினான் என்று அவனுக்கு நினைவிருக்கிறதாம். நாலாம் நோட்டும் பேனாவும் மேஜையில் எடுத்து வைத்திருக்கிறேன்.